எழுத்தாணி நம்மது, ஏடு யாருது?

ஸ்டைலஸ் வைத்த இ-ரீடர் வாங்கலாமா வேண்டாமா என்று வகுப்பில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: வாங்கலாம். காசு இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நாளைக்கு இந்தக் கம்பெனி இழுத்து மூடிவிட்டுப் போனால், நான் எழுதிய நோட்ஸ் என்னிடம் இருக்குமா?"

இதற்கு நேரான பதில் வராத எந்த மெஷினும் என்னைப் பொறுத்தவரை வாடகைப் பலகைதான். அதை நோட்டுப் புத்தகம் என்று சொல்லி விற்பது மோசடி.

மறைமலை நகரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்? கம்பெனி வருவதையும் போவதையும் நம்மைவிட நன்றாகப் பார்த்தவர்கள் உண்டா? ஸ்ரீபெரும்புதூருக்கு 2006-இல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் மூடியது. நம்ம ஊர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் 'கிளம்புகிறோம்' என்று அறிவித்து, 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. (எஞ்சின் தயாரிக்கத் திரும்ப வருவதாக 2025-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வரட்டும், சந்தோஷம்.)

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃபோர்டு போன பிறகும் ஜி.எஸ்.டி ரோட்டில் ஈகோஸ்போர்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காரை வாங்கியவருக்குக் கார் சொந்தம். தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து கை வைக்கலாம், யாரும் கேட்க முடியாது. கம்பெனி கிளம்பிய அன்று ராத்திரி, வீட்டு வாசலில் நின்ற காரெல்லாம் மாயமாய் மறைந்துபோகவில்லை. ஆனால் மின் புத்தகத்தில் அப்படி நடந்திருக்கிறது. வெறும் பயமுறுத்தல் இல்லை, கீழே தேதியோடு சொல்கிறேன்.

முதலில், இது என்ன வஸ்து?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இந்தத் திரையில் மின்மை என்று ஒன்று இருக்கிறது. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள குட்டிக் குட்டிக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே மின்னூட்டம் உள்ள கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கேற்ப கறுப்போ வெள்ளையோ மேலே வரும். வந்த துகள் அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் அதற்குக் கரண்ட் வேண்டும், அதனால்தான் சார்ஜ் நாள் கணக்கில் நிற்கிறது. போன் திரை மாதிரி கண்ணுக்குள் லைட் அடிக்காது. வெயிலில் காகிதம் மாதிரியே தெரியும்.

இந்த வகையில் பல மாடல்களில் பேனாவுக்குள் பேட்டரியே கிடையாது. திரைக்குப் பின்னால் இருக்கும் கம்பி வலை உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே பேனா சக்தி எடுத்துக்கொள்கிறது.

தனித்தமிழ் இயக்கம் கண்டவர் பெயர் வைத்த ஊரில் இருந்துகொண்டு 'ஸ்டைலஸ்', 'ஸ்டைலஸ்' என்று எழுதுகிறாயே என்று சண்டைக்கு வராதீர்கள். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: எழுத்தாணி. இனி அதையே எழுதுகிறேன் :-)

காகிதக் கட்சிக்கு

வகுப்பில் இரண்டு கட்சி இருக்கிறது. முதலாவது காகிதக் கட்சி. "புத்தகத்தின் வாசனை வருமா? பேனா பிடித்து எழுதினால்தான் மண்டையில் ஏறும். இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்" என்பது இவர்கள் வாதம். பேராசிரியர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சிதான்.

கையால் எழுதுவது நல்லது என்கிறீர்களா? சரி, இதிலும் கையால்தானே எழுதுகிறோம்! 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லேப்டாப்பில் தட்டி நோட்ஸ் எடுப்பவர்கள் சொன்னதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை ஏற்றுகிறார்கள், கையால் எழுதுபவர்கள் யோசித்துச் சுருக்கி எழுதுகிறார்கள், அதனால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றார்கள். பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படி இருந்தாலும் அந்தச் சண்டை கீபோர்டுக்கும் கைக்கும் நடுவில்தான். எழுத்தாணி கையின் பக்கம் நிற்கிறது.

அடுத்து, வெளிநாட்டு ஃபேஷன். ஐயா, காகிதம்தான் நமக்குப் பிந்தி வந்த விருந்தாளி! 19-ஆம் நூற்றாண்டிலும் நம் ஊர் மாணவன் பனையோலையும் எழுத்தாணியுமாகத்தான் படித்தான். உ.வே. சாமிநாதையர் (1855–1942) படித்த காலமே அதுதான். ஓலையில் கீறுவார்கள், கரியைத் தடவுவார்கள், கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு நிற்கும், எழுத்து பளிச்சென்று தெரியும். கறுப்புத் துகள் போய் நிற்கும் இடத்தில் எழுத்து தெரிகிறது. இன்றைய மின்மைத் திரையைப் பற்றிச் சொல்கிறேனா, ஓலையைப் பற்றிச் சொல்கிறேனா என்று குழப்பமாக இருக்கிறதா? அதேதான் :-)

அப்புறம் எடை. நாலு பாடப் புத்தகம், ரெக்கார்டு நோட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் தூக்கிக்கொண்டு காலை நேர செங்கல்பட்டு லோக்கலில் ஒற்றைக் காலில் நின்று வருபவர்களிடம் வாசனை பற்றிப் பேசாதீர்கள். வியர்வை வாசனைதான் வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரம், முடிச்சூர் பக்கம் எத்தனை வீடுகளில் புத்தகமும் நோட்டும் சர்டிபிகேட்டும் கூழாகிப்போயின! காகிதம் புனிதமானதுதான். ஆனால் ஒரே ஒரு பிரதி இருந்தால் அது தண்ணீரிலும் போகும், நெருப்பிலும் போகும், கரையானிலும் போகும்.

படி என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கவனியுங்கள்: படி. 'படி' என்றால் வாசி. 'படி' என்றால் நகலும்தான். படியெடுப்பது என்று சொல்கிறோம் இல்லையா? தமிழில் வாசிப்பதும் நகலெடுப்பதும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள், இதற்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பனையோலைக்கு ஆயுள் இருநூறு, முந்நூறு வருடம். அதற்குள் பூச்சி தின்னும், ஓரம் ஒடியும், ஓலை நொறுங்கும். சங்க நூல்கள் இரண்டாயிரம் வருடம் நம்மிடம் வந்து சேர்ந்தது எந்த ஓலையின் பலத்திலும் இல்லை. யாரோ ஒருவர், ஒவ்வொரு சில தலைமுறைக்கும், பழைய ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது ஏட்டில் எழுதினார். படித்தவன் படியெடுத்தான். எடுக்காத நூல் செத்துப்போனது. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று அச்சிட முடிந்தது எதனால்? பிரதிகள் பல இடங்களில் இருந்ததால். ஏட்டுக்குக் கயிறுதான் உண்டு, பூட்டு கிடையாது.

படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள். அச்சில் வந்தவற்றை வேறு எங்காவது தேடிப் பிடிக்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள்? போனது போனதுதான்.

இப்போது நம் காலேஜுக்கு வாருங்கள். செமஸ்டர் பரிட்சைக்கு முந்தின நாள் காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையைப் பாருங்கள். வகுப்பில் ஒழுங்காக நோட்ஸ் எடுக்கும் ஒரு பெண் இருப்பாள். அவள் நோட்டு காலையில் ஒருவர் கைக்குப் போகும், சாயங்காலத்துக்குள் ஐம்பது பிரதி ஆகியிருக்கும். ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்து, பகலில் அரியர் எழுதுகிற அண்ணன் அந்தப் பிரதியை வைத்துத்தான் பாஸாகிறார். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் பக்கம் வந்தவனுக்கு அந்த நோட்டுதான் டியூஷன். நம்ம காலத்து ஏடு படியெடுக்கும் இடம் அந்த ஜெராக்ஸ் கடை!

அந்தப் பெண் நாளைக்கு எழுத்தாணி வைத்த மெஷின் வாங்குகிறாள் என்று வையுங்கள். அவள் நோட்ஸ் சாதாரண பி.டி.எஃப்-ஆக வெளியே வந்தால், ஐம்பது பேருக்கு ஒரு நிமிடத்தில் போகும், ஜெராக்ஸ் காசும் மிச்சம். கம்பெனியின் கணக்குக்குள், கம்பெனியின் கிளவுடுக்குள் பூட்டிக்கொண்டால்? ஐம்பது பேரும் அம்போ. என் சண்டையின் மொத்த விஷயமும் இதுதான்.

மெஷின் கட்சிக்கு

இரண்டாவது கட்சி மெஷின் கட்சி. "பெரிய கம்பெனிப்பா, கிளவுட்ல பத்திரமா இருக்கும், உனக்கு என்ன கவலை" என்பது இவர்கள் கீதை. இவர்களுக்குத்தான் தேதிவாரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1) 2006: நெதர்லாந்தின் ஐரெக்ஸ் கம்பெனி இலியாட் என்ற ரீடரைக் கொண்டுவந்தது. மின்மைத் திரையில் எழுத்தாணியால் எழுதலாம். இன்றைய மெஷின்களுக்கெல்லாம் பாட்டன். 2010-இல் ஐரெக்ஸ் திவால்.

2) 2009 ஜூலை: அமேசான் தன் வாடிக்கையாளர்களின் கிண்டில்களுக்குள் தூரத்திலிருந்தே புகுந்து, விற்ற புத்தகத்தை அழித்தது. எந்தப் புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சிகனில் ஒரு 17 வயது மாணவர் அந்தப் புத்தகத்தில் பள்ளிக்காக நோட்ஸ் எடுத்து வைத்திருந்தார். புத்தகம் போனதும் நோட்ஸ் எந்த வரியைச் சொல்கிறது என்றே தெரியாமல் அநாதையாய் நின்றது. வழக்குப் போட்டார். அமேசான் தலைவர் மன்னிப்புக் கேட்டார், 1,50,000 டாலருக்கு வழக்கு முடிந்தது.

3) 2019: மைக்ரோசாஃப்ட் தன் மின் புத்தகக் கடையை மூடியது. ஜூலையிலிருந்து வாங்கிய புத்தகம் எதுவும் திறக்காது. விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர். அதாவது, ஒரு மாணவன் ராத்திரி கண் விழித்து எழுதிய குறிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று போட்ட விலை 25 டாலர்.

4) 2021 அக்டோபர்: எழுத்தாணி மெஷின்களில் பேர் வாங்கிய ரிமார்க்கபிள், கையெழுத்தை டைப் எழுத்தாக மாற்றும் வசதியைப் புதிதாக வாங்குபவர்களுக்கு மாதச் சந்தாவுக்குள் தள்ளியது. எல்லோரும் கத்தினார்கள். அடுத்த வருடம் சந்தாவைக் குறைத்து வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கத்தினால் பலன் உண்டு என்பதற்கும் இதுவே சாட்சி!

5) 2025 பிப்ரவரி 26: வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி ஒயரில் மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது.

இந்த ஐந்தில் சின்னக் கம்பெனியும் இருக்கிறது, உலகத்தையே வாங்கும் கம்பெனியும் இருக்கிறது. சின்னது திவால் ஆகிறது, பெரியது மனசு மாறுகிறது. உங்கள் நோட்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"வாங்கியாச்சே, என்னுதுதானே?" என்கிறீர்களா? கிண்டில் விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். புத்தகம் விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது என்றே எழுதியிருக்கிறார்கள். நாம் காசு கொடுத்தது படிக்க அனுமதிக்கு. 2025 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில், இப்படி உரிமம் மட்டும் தருகிற கடைகள் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரிலும் சொல்லிவிட்டு விற்கட்டுமே?

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். மறைமலை அடிகள் (1876–1950) வாழ்நாள் எல்லாம் புத்தகம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு, அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1958-இல் சென்னையில் மறைமலை அடிகள் நூலகம் திறந்தது. அவரை நேரில் பார்க்காத தலைமுறைகள் அந்தப் புத்தகங்களைப் படித்தன. அடிகளார் தன் சேகரிப்பு முழுவதையும் கிண்டிலில் 'வாங்கி' வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கோடு சேர்த்து புத்தகமும் முடிந்திருக்கும். உரிமத்தை உயில் எழுத முடியாது. நூலகம் இருந்திருக்காது.

தமிழில் எழுதுகிறவன் கதி

இதோடு நமக்கென்று தனியாக ஒரு தலைவலி. இந்த மெஷின்களில் ஆங்கிலத்தில் எழுதினால் அதைத் தேடலாம், டைப் எழுத்தாக மாற்றலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். தமிழில் எழுதினால் பெரும்பாலும் அது வெறும் படம். 'வெப்ப இயக்கவியல்' என்று நீங்கள் எழுதியது எந்தப் பக்கத்தில் என்று மெஷினுக்குத் தெரியாது.

தமிழ் கஷ்டமான எழுத்து, அதனால் முடியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூகுள் 2015-இல் போனுக்குக் கொண்டுவந்த கையெழுத்து உள்ளீட்டு ஆப்பிலேயே தமிழ் இருந்தது. முடியாது என்பது பொய், அக்கறை இல்லை என்பதே நிஜம். கம்பெனி செய்யாவிட்டால் நாமே செய்யலாம். எப்போது? நம் நோட்ஸ் நம் கையில் கோப்பாக இருந்தால். இன்றைக்கு படமாக இருப்பதை நாளைக்கு வருகிற ஒரு நல்ல நிரல் வாசித்துவிடும். பூட்டுக்குள் இருப்பதை எந்த நிரலும் வாசிக்காது.

பூட்டு இல்லாத தமிழ் உலகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்த பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்கள் பக்கம் பக்கமாக ஸ்கேனாக இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பாடப் புத்தகங்கள் பி.டி.எஃப்-ஆகக் கிடைக்கின்றன. 6 அங்குலத் திரையில் இந்த ஸ்கேன்களைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. 10 அங்குலத் திரையில் பக்கம் பெரிதாகத் தெரியும், ஓரத்தில் எழுத்தாணியால் குறிப்பும் எழுதலாம். இந்த மெஷின் யாருக்காவது பொருத்தம் என்றால் அது தமிழ் வாசகனுக்குத்தான். அதனால்தான் கோபமே வருகிறது!

"அப்போ திருட்டு பி.டி.எஃப்-க்கு வக்காலத்தா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், முந்திக்கொள்கிறேன். இல்லை. எழுத்தாளருக்குக் காசு போக வேண்டும். நேற்று வந்த நாவலை டெலிகிராமில் சுற்றவிடுகிறவனுக்கு என் ஆதரவு கிடையாது.

ஆனால் பூட்டு வேறு, விலை வேறு. டார் என்ற பெரிய ஆங்கிலப் பதிப்பகம் 2012-லிருந்து தன் மின் புத்தகங்களைப் பூட்டு இல்லாமல்தான் விற்கிறது. கடையை மூடவில்லை. கிண்டிலில் சொந்தமாக வெளியிடும் தமிழ் எழுத்தாளர்களுக்கும் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. பூட்டு திருடனை நிறுத்துவதில்லை, அவன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவன். எழுத்தாளர்களே, அடுத்த புத்தகத்துக்கு அந்தப் பூட்டைப் போடாதீர்கள். ப்ளீஸ்.

மேலும், நான் எழுதிய நோட்ஸை நான் நகலெடுப்பதில் எந்தத் திருட்டும் இல்லை. அது என் கையெழுத்து. அதற்கு ஏன் இன்னொருவரின் அனுமதி?

ஆகவே மக்களே...

இந்த மெஷின்களில் நல்ல மாடல்கள் 40,000 ரூபாயைத் தாண்டுகின்றன. நம் பக்கம் கம்பெனிகளில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அவ்வளவு காசு போடுவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

ஒன்று: வை-ஃபையை அணைத்துவிடுங்கள். கணினியில் ஒயரைச் செருகுங்கள். எழுதிய பக்கம் பி.டி.எஃப்-ஆகக் கணினிக்கு வருகிறதா?

இரண்டு: கணக்கு எதுவும் தொடங்காமல், கார்டு நம்பர் எதுவும் தராமல் மெஷின் எழுத விடுகிறதா?

மூன்று: கம்பெனியின் கடையில் வாங்காத ஈபப், பி.டி.எஃப் புத்தகத்தைத் திறந்து, அதன் பக்கத்திலேயே எழுத முடிகிறதா? 2022 கடைசியில் கிண்டில் ஸ்க்ரைப் வந்தபோது, கடையில் வாங்கிய சாதாரண கிண்டில் புத்தகத்தின் பக்கத்தில் நேரடியாக எழுதவே முடியாது. குட்டிச் சீட்டு ஒட்டுவது போல் தனியாகத்தான் எழுத வேண்டும். எழுத்தாணி கொடுத்துவிட்டு ஏட்டில் எழுதாதே என்றார்கள்!

மூன்றிலும் தேறினால் வாங்குங்கள். தேறாவிட்டால் 80 பக்க நோட்டும் ரெனால்ட்ஸ் பேனாவும் போதும். அது உங்களுடையது, ஜெராக்ஸ் கடைக்காரர் பாஸ்வேர்டு கேட்க மாட்டார்.

வாங்கியவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் நோட்ஸைப் பென்டிரைவில் ஒரு படி, நண்பன் கணினியில் ஒரு படி எடுத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

காலேஜ்களுக்கும் அரசுக்கும் ஒரு விண்ணப்பம். 2011-லிருந்து இந்த மாநிலம் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்திருக்கிறது. நாளைக்கு எழுத்தாணிப் பலகை கொடுக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால், டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: மாணவர் எழுதியது, கம்பெனியின் தயவு இல்லாமல், திறந்த வடிவத்தில் மாணவர் கைக்கு வர வேண்டும். தமிழ்க் கையெழுத்தைத் தேடும் வசதி வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனியும் செய்யும். ஒற்றை மாணவன் கேட்டால் கஸ்டமர் கேரில் பாட்டுதான் போடுவார்கள்.

எட்டுத்தொகையை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு படி எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். நம் தெர்மோடைனமிக்ஸ் நோட்ஸ் எட்டுத்தொகை இல்லைதான். அடுத்த வருஷ ஜூனியர் கைக்காவது அது போய்ச் சேரட்டும்.